மாத்திரையா, ஊசியா, ஆன்டிபாடியா? அண்ணன் மகளுக்குச் சொன்ன பதில்

பிளாஸ்டிக் புட்டிக்குள் மாத்திரைகள் இருந்தால் நடக்கும்போது கிலுகிலுவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வராமலிருக்க என் அண்ணன் மகள் புட்டிக்குள் பஞ்சு அடைத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் வீட்டு அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, கைப்பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அத்தை, இது மூணு வாரமா என்கிட்ட இருக்கு. அஞ்சு நாள்தான் போட்டிருக்கேன். ஆன்டிபாடின்னு ஒண்ணு வருதாமே, வைரஸை ஒட்டவே விடாதாமே? அதுவரைக்கும் காத்திருக்கட்டுமா?"

அவளுக்கு 24 வயது. சாட்ஸ்வர்த்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள், அம்லாங்காவில் கால் சென்டர் வேலை. நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 19 வருடமாக மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிறவள், டாக்டர் இல்லை. மேசைமேல் இருந்தது பிரெப் மாத்திரை. எச்.ஐ.வி இல்லாதவர்கள், அது வராமலிருக்கப் போட்டுக்கொள்வது. அவள் கேட்ட ஆன்டிபாடி, கிருமியைப் பிடித்து முடக்க உடம்பு உண்டாக்கும் புரதம்; அதையே மருந்தாக ஏற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் புட்டியைப் பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. "அந்த வியாதி" என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும் என்ற பயம்தான் பஞ்சாக உள்ளே அடைந்திருந்தது.

இந்த நாட்டில் ஏறக்குறைய 80 லட்சம் பேர் எச்.ஐ.வியோடு வாழ்கிறார்கள். அதிலும் நம் குவாசூலு-நட்டால் மாகாணம்தான் அதிகம் அடிபட்டது. "நம்மவங்களுக்கு வராது" என்று கோயில் மண்டபத்தில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம்மவர்களுக்கு என் கையாலேயே எச்.ஐ.வியை அடக்கும் ஏ.ஆர்.வி மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் இவளாக வந்து கேட்டதே எனக்குப் பெரிய நிம்மதி.

அவளுக்கு முதலில் வைரஸ் எப்படி ஒட்டுகிறது என்று சொன்னேன். டொங்காட்டில் கரும்புத் தோட்டத்து ஓரமாக நடந்து வந்தால் ஆயாவின் புடவைக் கரை முழுக்க முள்விதை ஒட்டியிருக்கும். நாங்கள் பிளாக்ஜாக் என்போம், ஆயா ஊர்ப் பழக்கத்தில் நாயுருவி என்பாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எச்.ஐ.வியும் அப்படித்தான். அதன் மேல்தோலில் ஜிபி120 என்ற கொக்கி இருக்கிறது. நம் நோய் எதிர்ப்பு அணுக்களில் சிடி4 என்ற இழை இருக்கிறது. கொக்கி அந்த இழையில் மாட்டியதும் வடிவம் மாறி, சிசிஆர்5 என்ற இரண்டாவது இழையையும் பிடிக்கும். அப்புறம்தான் வைரஸின் உறையும் அணுவின் உறையும் ஒன்றாகி, உள்ளே இறங்கும். பிரெப் மாத்திரையும் நீண்டநாள் ஊசிகளும் வைரஸ் அணுவுக்குள் வந்த பிறகு அதை மடக்குகின்றன. ஆன்டிபாடி மட்டும்தான் வெளியிலேயே, ஒட்டும் இடத்திலேயே வேலை செய்யப் பார்க்கிறது. அந்த எண்ணம் அழகானது. அவள் அதில் மயங்கியதில் தப்பே இல்லை.

ஒட்டாமல் தடுக்க இரண்டு வழி. விதையின் முள்ளில் களிமண் பூசலாம். அல்லது புடவைக் கரையில் பூசலாம்.

முள்ளில் பூசுகிற வழியில்தான் உலகம் அதிகம் உழைத்திருக்கிறது. 2010-இல் அமெரிக்க அரசின் தடுப்பூசி ஆய்வு மையம் விஆர்சி01 என்ற ஆன்டிபாடியை வெளியிட்டது. அது ஜிபி120-இல் சிடி4 மாட்டும் அதே இடத்தில் போய் உட்காரும். வைரஸ் அடிக்கடி உருமாறும், ஆனால் அந்த இடத்தை மட்டும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மாற்றினால் அதுவே ஒட்ட முடியாமல் போகும். அதனால்தான் அவ்வளவு நம்பிக்கை வைத்தார்கள். சோதனைக் குழாயில் ஏறக்குறைய 90 சதவீத வைரஸ் வகைகளை அது முடக்கியது.

அப்புறம் மனிதர்களில் பார்த்தார்கள். ஏ.எம்.பி என்ற பெயரில் இரண்டு ஆய்வுகள், மொத்தம் 4,600-க்கு மேற்பட்டவர்கள். அதில் 1,924 பேர் ஆப்பிரிக்கப் பெண்கள், தென்னாப்பிரிக்கப் பெண்களும் உண்டு. எட்டு வாரத்துக்கு ஒருமுறை கையில் டிரிப் ஏற்றி, பத்து முறை. அதிக டோஸ் என்பது கிலோவுக்கு 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு தடவைக்கே 1.8 கிராம் ஆன்டிபாடி. 2021 ஜனவரியில் முடிவு வந்தது: மொத்தமாகப் பார்த்தால் பாதுகாப்பு இல்லை. ஆனால் அந்த ஆன்டிபாடிக்கு நன்றாக அடங்கும் வைரஸ்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 75 சதவீதம் தடுத்திருந்தது. அப்படி அடங்கும் வைரஸ்கள் அந்த ஊர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சோதனைக் குழாயில் 90, ஊருக்குள் 30. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் அவளுடைய கேள்விக்கான பதிலே இருக்கிறது. குழாயில் எவ்வளவு ஆன்டிபாடி வேண்டுமானாலும் ஊற்றலாம். உடம்பில், எட்டாவது வாரக் கடைசியில் மிச்சமிருக்கிற கொஞ்சத்தை வைத்துத்தான் தடுக்க வேண்டும். போதாததற்கு, வைரஸ் ஒட்டும் இடத்தைச் சுற்றி சர்க்கரைப் பூச்சை அடுக்கி வைத்துக்கொள்கிறது. முள் அப்படியே இருக்கும், களிமண்தான் போய்ச் சேராது. ஆனாலும் இந்த ஆய்வைத் தோல்வி என்று ஒதுக்கிவிட மாட்டேன். சரியான ஆன்டிபாடி, போதுமான அளவில் இருந்தால் மனித உடம்பில் எச்.ஐ.வியைத் தடுக்க முடியும் என்று முதல்முறை காட்டியது அதுதான்.

இங்கேதான் நம் ஊர்க் கதை ஒன்று வருகிறது. டர்பனில் காப்ரிசா என்ற ஆய்வு மையம் இருக்கிறது. அதை நடத்துகிறவர்களில் ஒருவரான பேராசிரியர் குரைஷா அப்துல் கரீம் டொங்காட்டில் பிறந்தவர். அவர்களுடைய ஆய்வில் சேர்ந்திருந்த ஒரு குவாசூலு-நட்டால் பெண்ணின் ரத்தத்தில் அபாரமான ஆன்டிபாடி ஒன்று கிடைத்தது. உலகம் அவரை காப் 256 என்ற எண்ணால்தான் அறியும். அவருக்கு ஒரு வைரஸ் தொற்றிய சில மாதங்களில் இன்னொரு வைரஸும் தொற்றியது. இரண்டையும் துரத்தித் துரத்தி அவர் உடம்பு ஆன்டிபாடியைக் கூர்தீட்டிக்கொண்டே போனது. 2014-இல் அதைப் பிரித்தெடுத்துச் செய்தி வெளியிட்டார்கள். அது உட்காருவது சிடி4 மாட்டும் இடத்தில் அல்ல, ஜிபி120-இன் உச்சியில். நம் நாட்டில் பரவும் 'சி' வகை வைரஸின்மேல் விஆர்சி01-ஐவிட மிகச் சிறிய அளவே போதும். உடம்பில் அதிக நாள் தங்கும்படி மாற்றியமைத்து, தோலடி ஊசியாகவும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அதற்குப் பிடிபடாத 'சி' வகை வைரஸ்களும் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் உடம்பிலேயே வைரஸ் அந்த ஆன்டிபாடியிடமிருந்து தப்பி உருமாறிவிட்டது. அவர் ரத்தம் உலகத்துக்குக் கொடுத்ததை அவருக்கே கொடுக்க முடியவில்லை. இதைச் சொன்னபோது அண்ணன் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் குழம்பைக் கிளறிவிட்டு வந்தேன்.

ஆகவே இப்போது ஆராய்ச்சி போகும் பாதை, இரண்டு மூன்று ஆன்டிபாடிகளைச் சேர்த்துக் கொடுப்பது. ஒன்றுக்குத் தப்பினால் மற்றதில் மாட்டும். ஏ.ஆர்.வி மருந்துகளிலும் 1996 வாக்கில் மூன்றைச் சேர்த்த பிறகுதான் வைரஸ் அடங்கியது. நியாயமான வழிதான். ஆனால் கடையில் வாங்கக்கூடிய பொருளாக இன்னும் வரவில்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றதில், தென்னாப்பிரிக்காவில் தொடங்கவிருந்த தடுப்பூசி ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் நின்றன. காத்திருக்கலாம் என்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, புடவைக் கரையில் பூசும் வழி? வைரஸ் உருமாறும், நம் அணுவின் சிடி4 உருமாறாது. அந்த வகையில் இந்த வழி புத்திசாலித்தனமானது. இதில் ஒரு மருந்து உண்மையிலேயே விற்பனைக்கு வந்திருக்கிறது: இபலிசுமாப், 2018 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சிடி4-ஐப் பிடித்துக்கொள்ளும், ஆனால் வைரஸ் மாட்டும் முனையில் அல்ல, அதற்கு அடுத்த பகுதியில். வைரஸ் வந்து ஒட்டும். ஒட்டிய பிறகு திரும்பி சிசிஆர்5-ஐப் பிடிக்க முடியாமல் தவிக்கும். ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? சிடி4 வைரஸுக்காகப் படைக்கப்பட்ட கொக்கி மாட்டி இல்லை. நம் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அது வேண்டும். முனையை அடைத்தால் வைரஸோடு சேர்த்து அந்தப் பேச்சும் நின்றுவிடலாம்.

இந்த வழியின் கஷ்டம் வேறு. ரத்தத்தில் கொஞ்சம் வைரஸைத் தேடிப் பிடிப்பது ஒரு வேலை. உடம்பில் உள்ள அத்தனை சிடி4 அணுவையும் ஓயாமல் பூசி வைத்திருப்பது பத்து மடங்கு வேலை. அணுக்கள் அந்த மருந்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் 2,000 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 800 மில்லிகிராம். அமெரிக்காவில் வருடச் செலவு ஒரு லட்சம் டாலருக்கு மேல். அது மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட நோயாளிகளுக்கான சிகிச்சை, அவர்களுக்கு உயிர் காக்கிறது. நோயில்லாத ஒரு பெண் தடுப்புக்காக மாதம் இரண்டு முறை டிரிப் ஏற்றிக்கொள்வது என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமில்லை. சிசிஆர்5-ஐ மூடும் லெரோன்லிமாப் குரங்குகளில் நன்றாகத் தடுத்தது, ஆனால் அனுமதி பெறவில்லை. சிசிஆர்5-ஐ மூடினால் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு இழையைப் பிடித்து ஏறும் வைரஸ்களும் உண்டு என்பது அதன் பலவீனம்.

இந்த இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், தடுப்புக்கு முள்ளில் பூசுவதுதான். அதற்குத்தான் எதிர்காலம் இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் அண்ணன் மகளுக்கு இன்று ராத்திரிக்கு என்ன என்பதுதானே கேள்வி.

இன்று கையில் இருப்பவற்றைப் பார்ப்போம். மாத்திரை இந்த நாட்டில் 2015 டிசம்பரில் அனுமதி பெற்றது. தினமும் போட்டால் மிக நன்றாகக் காக்கும். ஏழு நாள் தொடர்ந்து போட்ட பிறகு பெண்களுக்கு முழுப் பாதுகாப்பு. போடாவிட்டால் ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் 5,029 பெண்களை வைத்து நடந்த வாய்ஸ் என்ற ஆய்வில் மாத்திரை தோற்றது. ரத்தத்தைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் ஒரு பஞ்சு அடைத்த புட்டி இருந்திருக்கும்.

நம் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு: சர்க்கரை வியாதி. டர்பன் இந்தியர்களிடம் அது எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் என்ற மருந்தும் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடர்ந்து போடக் கூடாது.

வளையம் பற்றி இரண்டு வரி போதும். டாபிவிரின் என்ற மருந்து உள்ள வளையத்தைப் பெண்ணே பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ளலாம், மாதம் ஒன்று, யாருக்கும் தெரியாது. ஆனால் ஆய்வுகளில் தொற்றை ஏறக்குறைய 30 சதவீதம்தான் குறைத்தது. வேறெதுவும் முடியாதவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

ஊசிகளில் முதலில் வந்தது கபோடெக்ராவிர். முதல் இரண்டு ஊசி நான்கு வார இடைவெளியில், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இடுப்புக்குக் கீழே தசையில். ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 3,224 பெண்களிடம் நடந்த ஆய்வில் ஊசி போட்டவர்களில் 4 பேருக்கும் மாத்திரைக் குழுவில் 36 பேருக்கும் தொற்று. நல்ல மருந்து. ஆனால் வருடத்துக்கு ஆறு முறை, வேலை நாளில், கிளினிக் வரிசையில்.

பிறகு வந்தது லெனாகபவிர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024-இல் வெளியானது. அந்த ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூட தொற்று இல்லை. வழக்கமான மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்குத் தொற்று. அந்தப் பூஜ்யத்தைப் படித்த அன்று கவுண்டரில் நின்றபடியே எனக்குக் கண் கலங்கியது. நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் இப்படி ஒரு எண்ணை யாரும் எதிர்பார்க்கவில்லை. வயிற்றுத் தோலடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஊசி. தொடங்கும்போது முதல் இரண்டு நாள் மட்டும் மாத்திரையும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் சிலருக்குச் சின்னக் கட்டி போல இருக்கும், மெல்லக் கரையும். 2025 அக்டோபரில் இங்கே அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் வருடத்துக்கு 28,000 டாலருக்கு மேல் விலை வைத்த மருந்து. ஹைதராபாத்தின் இரண்டு கம்பெனிகள் 2027 முதல் அதை வருடத்துக்கு 40 டாலருக்கு, அதாவது 700 ரேண்ட் அளவில், தருவதாக அறிவித்திருக்கின்றன.

இதை ஆன்டிபாடியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 1.8 கிராம், டிரிப், எட்டு வாரம், ஊரில் உள்ள வைரஸில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. மற்றது ஒரு கிராமுக்கும் குறைவு, தோலடி ஊசி, ஆறு மாதம், தொற்று பூஜ்யம். ஒட்டவே விடாமல் தடுப்பது கேட்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளே வந்ததை மடக்குகிற மருந்து இப்போதைக்கு ஜெயித்துவிட்டது. ஆன்டிபாடிக்காகக் காத்திருப்பது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை.

ஊசிக்கும் கவனிக்க வேண்டியவை உண்டு. இந்த மாகாணத்தில் டிபி அதிகம். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் லெனாகபவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், கூடுதல் டோஸ் தேவைப்படும். கபோடெக்ராவிரோடு ரிஃபாம்பிசின் கூடவே கூடாது. மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆன்டிபாடிக்கும் இல்லை. இன்னொன்று, ஊசியைப் பாதியில் விட்டால் மருந்து மாதக்கணக்கில் மெல்லக் குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் தொற்று வந்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்து இருக்கிறது. நிறுத்துவதாக இருந்தால் மாத்திரைக்கு மாறி நிறுத்த வேண்டும். எந்த முறையானாலும் தொடங்கும் முன் எச்.ஐ.வி பரிசோதனை கட்டாயம். கிரந்தி, வெட்டை, கர்ப்பம் எதையும் இவை தடுக்காது, ஆணுறை அதற்குத்தான்.

அப்படியானால் ஆன்டிபாடியின் இடம் எங்கே? இரண்டு இடத்தில் அதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஒன்று, எச்.ஐ.வி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை. நெவிராபின் இந்த நாட்டுத் தாய்மார்களுக்குக் கிடைக்க 2002-இல் அரசியல் சாசன நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அந்த மருந்து எத்தனையோ குழந்தைகளைக் காத்தது. ஆனால் கைக்குழந்தைக்குத் தினமும் சிரப் கொடுப்பது என்ன பாடு என்று கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று கிலோ குழந்தைக்கு ஆன்டிபாடி கொஞ்சம்போல் போதும், தாய்ப்பால் குடிக்கும் சில மாதங்கள்தான் காக்க வேண்டும். அதற்கான ஆய்வு இங்கேயே நடந்திருக்கிறது. இரண்டாவது, ஏற்கெனவே எச்.ஐ.வி உள்ளவர்கள். அம்லாசியில் மிக ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கிய 20 பெண்களுக்கு காப் 256 வழிவந்த ஆன்டிபாடியையும் வேறு மருந்துகளையும் கொடுத்து, ஏ.ஆர்.வியை நிறுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு வைரஸ் திரும்பியது. சிலர் மட்டும் ஓராண்டளவு மாத்திரை இல்லாமல் தாக்குப்பிடித்தார்கள். டர்பனுக்குப் பக்கத்தில், நம் கண்முன் நடந்தது இது.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னது இதுதான். லெனாகபவிர் உன் கிளினிக்கில் இருக்கிறதா என்று கேள். இருந்தால் அதுதான் உனக்கு. வராத வரைக்கும் இந்த மாத்திரையை ராத்திரி பல் தேய்த்ததும் போட்டுக்கொள், ஏழு நாள் முடியும்வரை ஜாக்கிரதையாக இரு. நீ பழகும் அந்தப் பையனையும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்; அவனுக்கு இருந்து, சிகிச்சையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருந்தால் அவனிடமிருந்து வராது. ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் 72 மணி நேரத்துக்குள் கிளினிக்குக்கு ஓடு, 28 நாள் மருந்து தருவார்கள். ஆன்டிபாடி ஆய்வில் சேர ஆசையிருந்தால் சேர், ஆனால் அதை நம்பி மற்றதை விடாதே.

அவள் வயதில் மாத்திரை சரியாகப் போடுகிற பெண்ணும் இருப்பாள். அவளுக்கு ஊசிக்கு மாற அவசரமில்லை. ஊசி என்றாலே மயங்கி விழுகிறவர்கள், அடுத்த மாதமே கேப்டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள், டிபி மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கும் மாத்திரைதான் சுலபம். பூட்டிய அலமாரிகூட இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு ஊசி.

சாப்பிட்டு முடித்ததும் அவள் புட்டியைத் திறந்து பஞ்சை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினாள். செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன், கிரியாட்டினினுக்கு ரத்தம் கொடுக்க அவளோடு போகிறேன். நேற்று ராத்திரி அண்ணி போன் செய்தாள். "நானும் வர்றேன், எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஏழரைக்கே வரிசை ஆரம்பித்துவிடும் என்று சொன்னேன்.